அழைத்து வருவதும் அருகில் இருப்பதும்

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் வாழும் அன்பர் ஒருவர் 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நமக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருந்தார். அவருடைய தந்தையார் ரயில்வேயில் பணியாற்றி, நாக்பூரிலேயே ஓய்வு பெற்று, அங்கேயே காலமானவர். எழுபத்து மூன்று வயதான தாயார் அவ்வூரில் தனியே வசிக்கிறார். அதே ஊரில் வாழும் மகள் அடிக்கடி வந்து பார்த்துக்கொள்கிறார். தாயாரை அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்று தம்முடன் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அன்பர் இரண்டு ஆண்டுகளாக முயன்று வருகிறார். விண்ணப்பம், சான்றிதழ், திருத்தம், மீண்டும் விண்ணப்பம் என்று காலம் ஓடிக்கொண்டிருக்கிறது, விசா வந்தபாடில்லை.

கடிதத்தின் முடிவில் அவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: "நண்பர்கள் சிலர் எனக்கு ஒரு குறுக்கு வழி சொல்கிறார்கள். 'இரண்டு மாதம் பேரனைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன் என்று அம்மாவைச் சொல்லச் சொல். பார்வையாளர் விசாவில் வரவழைத்துவிடு. வந்த பிறகு இங்கேயே தங்குவதற்கு மனுச் செய்துகொள்ளலாம்' என்கிறார்கள். பெற்ற தாயைப் பேணுவதற்காகச் சொல்லும் ஒரு சிறு பொய் பாவமாகுமா?"

இக்கேள்வி அவர் ஒருவருடையது மட்டுமன்று. நம் நாட்டின் பல நகரங்களில், பிள்ளைகள் கடல் கடந்து சென்றுவிட்ட எத்தனையோ இல்லங்களில் இது உரக்கவோ மனத்திற்குள்ளோ கேட்கப்படுகிறது. ஆகவே அவருடைய இசைவுடன், அவர் யார் என்பதை மட்டும் மறைத்து, இதனை இங்கே சிந்திப்போம்.

காகிதங்களின் காடு

முதலில் அன்பரின் துன்பத்தை நாம் உள்ளபடி உணர வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது ஏதோ சில படிவங்களை நிரப்பும் வேலையாகத் தோன்றலாம். உண்மை அவ்வாறில்லை.

அமெரிக்கச் சட்டப்படி, கிரீன் கார்டு பெற்று அங்கே நிரந்தரமாக வாழ்பவரும் தம் பெற்றோருக்காகக் குடியேற்ற மனுச் செய்ய முடியாது. அந்நாட்டுக் குடியுரிமை பெற்ற, 21 வயது நிறைந்த பிள்ளைக்கே அந்த உரிமை உண்டு. இந்தியாவில் பிறந்து வேலை விசாவில் அங்கே சென்றவர்களோ, ஒரு நாட்டவர்க்கு ஆண்டுக்கு 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்னும் வரம்பினால், கிரீன் கார்டுக்கே பல ஆண்டுகள் காத்திருக்கிறார்கள். அது கிடைத்தபின் பொதுவாக மேலும் ஐந்து ஆண்டுகள் கழித்தே குடியுரிமை. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. எனவே தாயைத் தம்மிடம் நிரந்தரமாக அழைத்துக்கொள்ளும் உரிமையைப் பெற வேண்டுமானால், தாய்நாட்டின் குடியுரிமையை ஒருவர் கைவிட்டாக வேண்டும். நம் அன்பர் 2022-இல் அதைச் செய்தார். "பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்த அன்று இரவு நான் உறங்கவில்லை; அம்மாவுக்காகத்தானே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்" என்று அவர் எழுதியிருந்தார்.

குடிமக்களின் பெற்றோருக்கு ஆண்டு வரம்பு இல்லை என்பது 1965-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த சலுகை. ஆயினும் வரம்பு இல்லை என்பதற்குத் தாமதம் இல்லை என்று பொருளன்று. தாய்க்கு ஒரு மனு, தந்தைக்கு ஒரு மனு எனத் தனித்தனியே செய்ய வேண்டும். மனு ஏற்கப்பட்டபின் கோப்பு வேறோர் அலுவலகத்திற்குச் செல்லும். அங்கே மகன் ஒரு பிரமாணப் பத்திரம் தர வேண்டும். தம் வருமானம் அந்நாட்டு வறுமை வரையறையின் 125 விழுக்காட்டுக்குக் குறையாதது என்று காட்ட வேண்டும். அப்பால் காவல்துறைச் சான்று, மருத்துவச் சோதனை, தடுப்பூசிகள், இறுதியில் பொதுவாக மும்பையில் நேர்காணல். ஒவ்வொரு படியிலும் மாதங்கள் கழிகின்றன.

பார்வையாளர் விசாவுக்கும் காத்திருப்பு உண்டு. 2020 மார்ச் மாதத்தில் பெருந்தொற்றினால் இந்தியாவில் வழக்கமான விசா நேர்காணல்கள் நிறுத்தப்பட்டன. அதனால் தேங்கிய விண்ணப்பங்களின் விளைவாக, 2022-இல் சில நகரங்களில் முதல்முறை விண்ணப்பிப்போர் நேர்காணலுக்கு இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் காத்திருக்க நேர்ந்தது. முதியோர்க்கு முன்பு இருந்த நேர்காணல் விலக்கும் 2025 செப்டம்பர் 2 முதல் பெரும்பாலும் நீக்கப்பட்டது. எண்பது வயதைத் தாண்டியவரும் சில விதிவிலக்குகள் தவிர நேரில் செல்ல வேண்டியதாயிற்று.

இவற்றினும் அன்பரை வாட்டியது ஒரு சிறு காகிதம்: தாயாரின் பிறப்புச் சான்றிதழ். பிறப்பு, இறப்புப் பதிவை நாடு முழுதும் ஒரே முறையில் கட்டாயமாக்கிய சட்டம் 1969-இல் இயற்றப்பட்டு 1970-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கிராமங்களில் பிறந்த பலருடைய பிறப்பு எந்த ஏட்டிலும் ஏறவில்லை. தாயார் பிறந்தது 1951-இல், இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்திலுள்ள ஒரு சிற்றூரில். பதிவு இல்லையென்றால், இல்லை என்பதற்கு ஒரு சான்றிதழ் வேண்டும். அதனோடு பள்ளிச் சான்றும், பிறப்பை அறிந்த உறவினரின் பிரமாணப் பத்திரங்களும் வேண்டும்.

பெயரும் ஒரு சிக்கலாயிற்று. பள்ளியில் தந்தையின் பெயர் தலைப்பெழுத்து. திருமணத்திற்குப் பின் கணவரின் பெயர் தலைப்பெழுத்து. பாஸ்போர்ட்டிலோ கணவரின் பெயரே குடும்பப் பெயர். ஒரே தாயார் மூன்று காகிதங்களில் மூன்று பெண்மணிகளாக நின்றார். நாமமும் ரூபமும் நிலையற்றவை என்று வேதாந்தம் கூறுகிறது. ஆனால் விசா அலுவலகத்தில் அந்த வாதம் செல்லுபடியாகாது.

இத்தனை அலைச்சலுக்கு நடுவில் நிற்பவரிடம் ஒருவர் குறுக்கு வழி சொன்னால் மனம் சலனமடைவது இயற்கையே. ஆதலால் அன்பரின் கேள்வியை நாம் கடிந்துகொள்ளவில்லை. அவர் அதனைச் செய்துவிட்டுக் கேட்கவில்லை. செய்வதற்கு முன் கேட்டார். அதுவே அவருடைய மனச்சான்று விழித்திருக்கிறது என்பதற்கு அடையாளம்.

பொய்யை யார் சொல்வது?

திருவள்ளுவரை அறிந்த வாசகர் இங்கே ஒரு தடை எழுப்பலாம். குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைத்து எண்ணத்தக்கது என்று வாய்மை அதிகாரத்தில் அவரே இடம் தந்திருக்கிறாரே. தாயைப் பேணுவதை விடக் குற்றமற்ற நன்மை வேறென்ன இருக்க முடியும் என்பது அந்தத் தடை.

நல்ல வாதம்தான். ஆனால் வள்ளுவர் வைத்த நிபந்தனை மிகக் கடுமையானது. நன்மை விளைந்தால் மட்டும் போதாது. அந்த நன்மை குற்றம் கலவாததாக இருக்க வேண்டும். நம் முன்னுள்ள பொய்யை அந்த உரைகல்லில் உரசிப் பார்ப்போம்.

முதலாவதாக, இந்தப் பொய்யைச் சொல்லப் போகிறவர் மகன் அல்லர். கண்ணாடிச் சாளரத்தின் முன் நின்று அதிகாரியின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியவர் தாயார். "எதற்காகச் செல்கிறீர்கள்? எப்போது திரும்புவீர்கள்?" என்று கேட்கும்போது, உள்ளத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயால் வேறொன்றைச் சொல்ல வேண்டியவர் அவர். சிறுவயதில் பென்சில் எடுத்து வந்ததற்காக மகனைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று திருப்பிக் கொடுக்கச் செய்த தாய்மார்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அந்தத் தாயை எழுபத்து மூன்றாம் வயதில் பொய் சொல்லப் பழக்குவதைத் தாய்க்குச் செய்யும் தொண்டு என்று எவ்வாறு அழைப்பது?

இரண்டாவதாக, அப்பொய் அங்கேயே முடிவதில்லை. 1952-ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் 214(பி) என்றொரு பிரிவு உண்டு. பார்வையாளராக வர விரும்பும் ஒவ்வொருவரும் அங்கேயே தங்கிவிடும் எண்ணமுடையவர் என்றே அதிகாரி முதலில் கொள்ள வேண்டும். அவ்வாறில்லை என்று நிறுவுவது விண்ணப்பிப்பவரின் பொறுப்பு என்பது அதன் கருத்து. கேட்பதற்கு வன்மையாகத்தான் இருக்கிறது. ஆனால் திரும்பிவிடுவேன் என்று சொல்லித் திரும்பாத ஒவ்வொருவரும் அந்த ஐயத்திற்கு வலுச் சேர்க்கிறார். மகளின் பேறுகாலத்திற்குச் சென்று ஐந்து மாதத்தில் திரும்பிவிட உண்மையாகவே எண்ணும் வேறொரு தாய், அடுத்த வாரம் அதே சாளரத்தின் முன் நின்று நம்பப்படாமல் போகலாம். அந்தத் தாயின் கண்ணீரை நாம் பார்ப்பதில்லை. பார்க்காததனால் அதில் நமக்குப் பங்கில்லை என்று ஆகிவிடாது.

மூன்றாவதாக, பொய்யின் விளைவைச் சுமக்க வேண்டியவரும் தாயாரே. வேண்டுமென்றே உண்மைக்கு மாறானதைக் கூறி விசா பெற முயன்றவர் என்று தீர்மானிக்கப்பட்டால், அந்நாட்டின் வாயில் அவருக்கு நிரந்தரமாக அடைபட்டுவிடலாம். பார்வையாளர் விசாவின் விண்ணப்பத்திலேயே, இதற்கு முன் யாரேனும் உமக்காகக் குடியேற்ற மனுச் செய்ததுண்டா என்ற கேள்வி இருக்கிறது. மகன் ஏற்கெனவே மனுச் செய்திருக்கிறார். அதற்கு 'இல்லை' என்று எழுதுவது எப்படி?

ஒன்றை மட்டும் தெளிவுபடுத்த வேண்டும். நேர்மையாகப் பார்க்கச் சென்ற இடத்தில் நோயோ வேறு காரணமோ நேர்ந்து, தங்க வேண்டும் என்ற எண்ணம் பின்னர் தோன்றுவது வேறு. அத்தகையோர் முறைப்படி விண்ணப்பிப்பதற்கு அந்நாட்டுச் சட்டமே வழி வைத்திருக்கிறது. தகுந்த வழக்கறிஞரின் ஆலோசனையுடன் அதனைச் செய்வதில் பிழையில்லை. புறப்படும் முன்பே முடிவு செய்துவிட்டு, முடிவு செய்யாதவர் போல் பேசுவதே பொய். இரண்டுக்கும் காகிதத்தில் வேற்றுமை தெரியாமல் போகலாம். உள்ளத்திற்குத் தெரியும்.

ஆகவே அன்பருக்கு நாம் எழுதிய பதிலின் முதற்பகுதி இதுதான்: அந்த வழி வேண்டாம். பெற்றோர் சேவை ஒரு வேள்வி. வேள்விக்கு இடும் நெய் தூயதாக இருக்க வேண்டும்.

அம்மாவிடம் கேட்டீர்களா?

அவருடைய கடிதத்தை மீண்டும் படித்தபோது நமக்கு வேறொன்று தோன்றியது. நான்கு பக்கக் கடிதத்தில் படிவங்களின் எண்கள் இருந்தன, தேதிகள் இருந்தன, செலவான தொகை இருந்தது. தாயார் என்ன விரும்புகிறார் என்பதைக் கூறும் வரி ஒன்றுகூட இல்லை. எனவே பதிலின் இறுதியில் ஒரு கேள்வி சேர்த்தோம்: "அங்கே வந்து வாழ அம்மாவுக்கு விருப்பமா என்று அவரிடம் கேட்டீர்களா?"

நம் நாட்டில் பெற்றோர் சேவைக்கு எடுத்துக்காட்டு என்றால் சிரவணகுமாரனையே முதலில் சொல்வோம். கண்ணிழந்த தாய் தந்தையரைக் காவடியின் இரு தட்டுகளில் அமர்த்தித் தோளில் சுமந்து சென்றவன் என்று மக்கள் வழக்கு அவனைப் போற்றுகிறது. அக்கதையில் நாம் கவனிக்காமல் விட்டுவிடும் செய்தி ஒன்று உண்டு. அவன் அவர்களைத் தன் வீட்டிற்குச் சுமந்து செல்லவில்லை. தீர்த்த யாத்திரை செய்ய வேண்டும் என்பது அவர்களின் ஆசை. அவர்கள் விரும்பிய இடங்களுக்கே அவன் நடந்தான். தோள் மகனுடையது, வழி பெற்றோருடையது. நாமோ சுமையையும் நம் தோளில் ஏற்றிக்கொண்டு, வழியையும் நாமே தீர்மானித்துவிடுகிறோம்.

பெற்றோரை அழைத்துக்கொள்ளும் ஆசையில் அன்பு இருக்கிறது; ஐயமில்லை. அதனுடன் வேறு சிலவும் கலந்திருக்கக் கூடும். விட்டு வந்துவிட்டோமே என்ற குற்ற உணர்ச்சி இருக்கலாம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும் என்ற தேவை இருக்கலாம். ஊரார் என்ன சொல்வார்கள் என்ற எண்ணம் இருக்கலாம். இவை எல்லாம் மனித இயல்பே, வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் இவற்றை எல்லாம் 'அம்மாவுக்காக' என்ற ஒரு சொல்லுக்குள் மறைத்துக்கொள்வது, மற்றவரிடம் சொல்லும் பொய்யை விடவும் நுட்பமான பொய்.

கிரீன் கார்டின் இயல்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அது வந்து போவதற்கான சீட்டன்று; அங்கேயே வாழ்வதற்கான உடன்படிக்கை. முன் அனுமதியின்றி ஓராண்டுக்கு மேல் வெளியில் தங்கினால் அந்த உரிமையே கேள்விக்குள்ளாகும். ஆகவே பாதி நாள் இங்கே, பாதி நாள் அங்கே என்று மனம் போல் இருப்பது எளிதன்று. முதியோர்க்கான அரசு மருத்துவக் காப்பீட்டில் பணம் செலுத்திச் சேர்வதற்கும், அங்கே வேலை செய்திராத பெற்றோர் பொதுவாக ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். காரோட்டத் தெரியாத ஒருவர், பனிக்காலத்தில், மகனும் மருமகளும் வேலைக்குச் சென்ற வீட்டில், பேச்சுத் துணையின்றி எத்தனை மணி நேரம் இருப்பார்? இவற்றை எல்லாம் மீறி அங்கே மகிழ்ச்சியாக வாழும் பெற்றோரும் உண்டு. பேரக்குழந்தைகளுக்குத் தமிழ் கற்பித்து, அக்கம்பக்கத்தாரோடு நட்புப் பூண்டு, புது வாழ்வு கண்டவர்களும் உண்டு. எது நல்லது என்பதைப் பொது விதியாகச் சொல்ல இயலாது. அதனால்தான் கேட்க வேண்டும்.

நம் மரபு இரண்டு வழிகளையும் அறியும். ஆதிசங்கரர் துறவு பூண்டு புறப்பட்டபோது, இறுதிக் காலத்தில் வந்துவிடுவதாகத் தாய்க்கு வாக்களித்தார். அவ்வாறே காலடிக்குத் திரும்பி வந்து தாயின் இறுதிக் கடனைத் தாமே செய்தார் என்பது வழிவழிச் செய்தி. அங்கே மகன் தாயிடம் வந்தார். பகவான் ரமணரின் தாயார் அழகம்மாளோ 1916-இல் திருவண்ணாமலைக்கு வந்து மகனுடனேயே தங்கிவிட்டார். 1922-இல் அவருடைய இறுதி மணிகளில் மகன் அருகிலேயே அமர்ந்திருந்தார். அங்கே தாய் மகனிடம் வந்தார். எவர் எவரிடம் வருவது என்பதில் சேவை அடங்கியிருக்கவில்லை.

சில வாரங்களில் அன்பரிடமிருந்து பதில் வந்தது. தொலைபேசியில் கேட்டாராம். தாயார் சிறிது நேரம் பேசவில்லையாம். பிறகு சொன்னாராம்:

"நீ இத்தனை அலைகிறாயே என்றுதான் நான் வாய் திறக்கவில்லை, தம்பி. உன்னைப் பார்க்க வேண்டும். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கேயே இருந்துவிட வேண்டுமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இங்கே உன் அக்கா இருக்கிறாள். உன் அப்பா இருந்த வீடு இருக்கிறது. எனக்கு முடியாமல் போகும் நாளில் உன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று மட்டும் தோன்றுகிறது. அந்த நாள் எது என்று எனக்கு எப்படித் தெரியும்?"

இதைவிட உண்மையான பதிலை எந்தத் தாயும் தந்துவிட முடியாது. எந்தப் படிவத்திலும் இந்தப் பதிலை எழுதக் கட்டம் இல்லை.

சாளரத்தின் முன்

ஏற்கெனவே பார்வையாளர் விசாவுக்கு நேர்காணல் தேதி வாங்கியிருந்தார்கள். அதனை விட்டுவிடாமல், உள்ளதை உள்ளபடியே சொல்வது என்று முடிவு செய்து, மகளின் துணையோடு தாயார் மும்பைக்குச் சென்றார். உங்கள் மகன் குடியேற்ற மனுச் செய்திருக்கிறாரே, சென்றால் திரும்பி வருவீர்களா என்று கேட்டார்களாம். "இப்போது திரும்பிவிடுவேன். அந்த விசா வந்தால் அப்போது யோசிப்பேன்" என்று தமக்குத் தெரிந்த இந்தியில் கூறினாராம். விசா மறுக்கப்பட்டது.

உண்மை சொன்னால் உடனே நன்மை விளையும் என்று நாம் எழுத விரும்பவில்லை; அவ்வாறு நடக்கவுமில்லை. அன்பர் மிகவும் மனமுடைந்து போனார். ஆனால் தாயார் வெளியே வந்து மகளிடம், "கேட்டதற்கெல்லாம் உள்ளதைச் சொன்னேன். அது போதும்" என்று சொல்லிவிட்டு, நாக்பூர் ரயிலுக்கு நேரமாகிவிட்டதா என்று கேட்டாராம்.

வாய்மையின் பயன் வேறு. விசாவின் பயன் வேறு. முதலாவது தாயாரிடம் அன்றே இருந்தது. அதை எந்த அலுவலகமும் கொடுக்கவில்லை. எந்த அலுவலகமும் மறுக்கவும் முடியாது.

காத்திருக்கும் காலம்

2025 ஜூன் மாதத்தில் அன்பர் விடுமுறை எடுத்துக்கொண்டு இந்தியா வந்தார். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு அதுவே முதல் வருகை. பிறப்புச் சான்றுக்குரிய காகிதங்களை நேரில் முடித்துவிடலாம் என்பது அவர் எண்ணம். தாயாரையும் அழைத்துக்கொண்டு நாக்பூரிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னைக்கும், அங்கிருந்து தாயார் பிறந்த ஊருக்கும் சென்றார்.

பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் பிறந்த தேதி ஜூன் 1 என்று இருந்தது. வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டு சென்று இடக்காதைத் தொட்டால் ஐந்து வயது நிறைந்தது என்று தலைமையாசிரியர் தேதி போட்டுக்கொண்ட காலம் அது. ஊரில் தாயாரின் பெரியப்பா மகள், எண்பத்து நான்கு வயது மூதாட்டி, இன்னும் இருக்கிறார். "நீ ஆடி மாதத்தில் பிறந்தவள் அல்லவா? மழைக்குக் கூரை ஒழுகிய இடத்தில் பாத்திரம் வைத்துக்கொண்டே உன்னைத் தொட்டிலில் ஆட்டினேன்" என்று அவர் நினைவுகூர்ந்தார். மகன் திகைத்துப் போனார். நாற்பது ஆண்டுகளாக அவர் தாயாரின் பிறந்தநாள் என்று வாழ்த்தி வந்த நாள், ஒரு தலைமையாசிரியர் எழுதிய நாள். "நீ ஆசையாகச் சொல்வாய், அதை எதற்கு மாற்றுவது என்று விட்டுவிட்டேன்" என்றாராம் தாயார்.

தேதி எதுவென்று காகிதத்தில் எழுதுவது என்ற கேள்வி எழுந்தது. பாஸ்போர்ட்டிலும் பள்ளிப் பதிவேட்டிலும் உள்ள தேதியையே எழுதி, பிறப்பு அக்காலத்தில் பதியப்படவில்லை என்பதையும், சரியான நாள் குடும்பத்தாரின் நினைவில் மட்டும் இருப்பதையும் மறைக்காமல் பிரமாணப் பத்திரத்தில் சேர்த்தார்கள். மூதாட்டி அதில் பெருவிரல் ரேகை வைத்தார். கிராம நிர்வாக அலுவலரிடமும் தாலுகா அலுவலகத்திலும் நான்கு நாட்கள் நடந்தார்கள். அந்த நான்கு நாட்களும் மாலையில் தாயார் தாம் நீந்திய குளத்தையும், படித்த பள்ளியையும், திருமணத்தன்று இறங்கிய வண்டி நின்ற இடத்தையும் மகனுக்குக் காட்டினார்.

திரும்பிச் செல்லும் முன் அன்பர் நமக்குத் தொலைபேசியில் கூறினார்: "இரண்டு ஆண்டுகளாக அம்மாவுக்காக எத்தனையோ பக்கங்களை நிரப்பினேன். அம்மாவோடு இருந்தது இந்தப் பத்தொன்பது நாட்கள்தான்."

பண்டரிபுரத்துப் புண்டலீகரின் வரலாற்றை வாசகர்கள் அறிவார்கள். பெற்றோருக்குத் தொண்டு செய்துகொண்டிருந்தபோது இறைவனே வாசலில் வந்து நிற்க, ஒரு செங்கல்லை எறிந்து அதன் மேல் காத்திருக்குமாறு வேண்டிக்கொண்டவர் அவர். இன்றும் விட்டலன் இடையில் கை வைத்து அச்செங்கல்லின் மேல் நிற்பதாகவே பக்தர்கள் கொள்கிறார்கள். அங்கே சேவை நடந்துகொண்டிருந்தது. மற்றவை எல்லாம் காத்திருந்தன. நம் வாழ்வில் இது தலைகீழாகிவிட்டது. விசா வரட்டும், பிறகு சேவை செய்வோம் என்று சேவையைச் செங்கல்லின் மேல் நிறுத்தி வைத்திருக்கிறோம்.

தாமதம் நல்லது என்று நாம் கூறவில்லை. முதியோரை ஆண்டுக்கணக்கில் காக்க வைப்பது எந்த நாட்டின் நடைமுறையானாலும் துன்பமே. காத்திருந்த காலத்திலேயே கண்மூடிய பெற்றோர் உண்டு. தம் விசா நிலையை இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தால் இறுதிச் சடங்கிற்கும் வர இயலாமல், அயல்நாட்டு அறையொன்றில் கதவைச் சாத்திக்கொண்டு அழுத பிள்ளைகள் உண்டு. அவர்களைக் குறை கூற எவருக்கும் தகுதியில்லை. நேர்மையான முயற்சிகளைக் கைவிட வேண்டும் என்பதும் நம் கருத்தன்று. நோய் போன்ற காரணம் இருந்தால் விரைவுபடுத்துமாறு விண்ணப்பிக்கலாம். அங்கே வசிப்பவர் தம் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகம் வழியாகக் கோப்பின் நிலையை விசாரிக்கச் செய்யலாம். பெயர், தேதி வேறுபாடுகளை முன்கூட்டியே திருத்திக்கொள்ளலாம். முயற்சி நம்முடையது, அதைச் சோர்வின்றிச் செய்வதே கர்மயோகம். தேதி நம் கையில் இல்லை.

காத்திருக்கும் காலத்திலும் செய்யக் கூடியவை பல. வாரம் ஒருமுறை அவசரமின்றிப் பேசலாம். "சாப்பிட்டாயா, மருந்து எடுத்துக்கொண்டாயா" என்பதோடு நின்றுவிடாமல், அவர்களுடைய பழைய நினைவுகளைக் கேட்கலாம். ஆண்டுக்கொருமுறை வர முடிந்தால் வரலாம். முக்கியமாக, ஊரில் அருகில் இருந்து பார்த்துக்கொள்பவரை மறவாதிருக்கலாம். நம் அன்பரின் தமக்கையார் பல ஆண்டுகளாகத் தாயாரை மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறார். மும்பைக்கும் அவரே அழைத்துச் சென்றார். அதற்கு எந்தப் படிவமும் இல்லை. அதனால் எவரும் அதனைச் சேவையாக எண்ணுவதுமில்லை. அமெரிக்காவிலிருந்து அழைப்பவரைப் 'பொறுப்புள்ள பிள்ளை' என்கிறோம். அடுத்த தெருவில் இருப்பவரைப் பற்றிப் பேசுவதே இல்லை. அன்பர் ஊர் திரும்பும் முன் தமக்கையாரிடம் இதனைச் சொல்லி நன்றி கூறியதாக அறிந்தோம்.

கையொப்பமும் கடமையும்

அமெரிக்கச் சட்டம் கேட்கும் பிரமாணப் பத்திரத்தைப் பற்றி மேலே குறிப்பிட்டோம். அழைத்து வருபவரின் ஆதரவுப் பொறுப்பு எப்போது முடியும் என்பதையும் அச்சட்டம் வரையறுத்திருக்கிறது: பெற்றோர் குடியுரிமை பெற்றால், அல்லது சுமார் பத்தாண்டுக்குரிய வேலைக் கணக்கு அவர் பெயரில் ஏறினால், அல்லது அந்நாட்டை விட்டு நிரந்தரமாக நீங்கினால், அல்லது இறந்தால். நம் நாட்டிலும் 2007-ஆம் ஆண்டுச் சட்டம், பெற்றோரைப் பேணாத பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை பெற வழி செய்திருக்கிறது. இரண்டு சட்டங்களும் தேவையானவையே. அன்பு வற்றிய இடத்திலும் முதியவர் பட்டினி கிடக்கக் கூடாது என்று அவை காவல் நிற்கின்றன.

ஆனால் சட்டம் எண்ணக் கூடியது வருமானத்தையும் மாதங்களையும் மட்டுமே. தைத்திரீய உபநிடதம் கல்வி முடித்துப் புறப்படும் மாணவனிடம், தாயையும் தந்தையையும் தெய்வமாகக் கொள் என்று கூறும்போது, அவர்களை எந்த ஊரில் வைத்துக்கொள்வது என்று கூறவில்லை. எத்தனை காலம் என்றும் கூறவில்லை. தெய்வத்தை நாம் நம் வசதிக்கு இடம் மாற்றுவதில்லை. அது இருக்கும் இடத்திற்குச் செல்கிறோம். அது நம் இல்லத்திற்கு எழுந்தருள விரும்பினால் வாசல் தெளித்துக் காத்திருக்கிறோம்.

இதனை எழுதும் வேளையில், தாயாரின் காகிதங்கள் அனைத்தும் ஏற்கப்பட்டுவிட்டன; நேர்காணல் தேதி மட்டும் வரவில்லை. வந்தால் போவதா, எத்தனை காலம் இருப்பது என்பதைத் தாயார் இன்னும் முடிவு செய்யவில்லை. முடிவு செய்ய வேண்டியவர் அவரே என்பதில் மட்டும் இப்போது அனைவரும் உடன்பட்டிருக்கிறார்கள். அன்பர் அடுத்த ஆடி மாதத்தில் மீண்டும் வருவதற்கு விடுமுறைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். தாயாரின் பிறந்தநாளை முதன்முறையாகச் சரியான மாதத்தில் கொண்டாட வேண்டுமாம்.